தேக்சாவின் காதில் விழாமல்

1

இந்தக் கதை ஓர் இருமலிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, இதை எந்த மேல்நாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தாய் என்று கேட்கக் கூடாது. 1998-இல் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பிரியாணிக் கடை வாசலில், தூக்குவாளி ஏந்தி நின்ற வரிசை முழுவதும் ஒருவர் பின் ஒருவராக இருமியது. அத்தனை பேரில் ஒருவருக்கும் சளி கிடையாது. அந்த வரிசையில் நானும் நின்றேனா என்று கேட்பீர்கள். கதை எழுதுகிறவன் எல்லா இடத்திலும் நிற்பான். அது அவன் தொழில்.

எழுத உட்கார்ந்ததுமே ஒரு சிக்கல். கதையின் பொருளே ஒரு சொல்தான். கு-வில் தொடங்கி வு-வில் ஓய்கிற மூன்றெழுத்துச் சொல். நிரம்ப இருந்தது கொஞ்சமாகி, கொஞ்சமும் சொச்சமாகிப் போவதைச் சொல்வது. அதை நான் எழுத மாட்டேன். அதன் பங்காளிச் சொற்களையும் எழுத மாட்டேன். எங்கள் வீட்டு அரிசிப் பானை பக்கத்து அறையில்தான் இருக்கிறது.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? பானையில் ஒரு மணி அரிசிகூட இல்லாத அன்று உங்கள் அம்மா என்ன சொன்னார்? "அரிசி நெறஞ்சிருக்கு" என்றார். தாலிக் கயிறு அறுந்தால் அது பெருகும். விளக்கை ஊதினால் அது குளிரும், இல்லாவிட்டால் மலையேறும். ஊரை விட்டே கிளம்புகிறவன் "போயிட்டு வாரேன்" என்பான். காலிப் பானையை நேருக்கு நேர் பார்த்து நிறைந்திருக்கிறது என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். நமக்கு இருக்கிறது.

ஆகவே அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் [இருமல்] என்று போடுவேன். நீங்களும் இருமிக்கொள்ளுங்கள். டவுன் பஸ்ஸில் வாசிக்கிறவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்வது நல்லது.

2

முதல் தொடக்கம்: "ஸ்தனிஸ்லாஸ் நல்லவர்." அடித்துவிட்டேன். கதை அந்த வரியைத் தாண்டவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஸ்தனிஸ்லாஸ் பொல்லாத..." பாதியிலேயே எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் தொடக்கம்: "ஸ்தனிஸ்லாஸுக்குப் பசித்தது."

இது ஓடும்.

ஸ்தனிஸ்லாஸ் நாற்பது வயதுப் பிரம்மச்சாரி. பாரூக் பாய் பிரியாணிக் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். பகலில் மாணவர்கள் உட்காரும் பெஞ்சு இரவில் அவருக்குக் கட்டில். காலை பத்து மணிக்கெல்லாம் சீரகச் சம்பா வேகிற மணம் ஜன்னல் வழியாக ஏறிவந்து மாணவர்களின் வாயிலிருந்த 'இஸ்', 'வாஸ்' அத்தனையையும் வழித்துக்கொண்டு போய்விடும். வகுப்பு [இருமல்]. கடைசியில் பெஞ்சுகள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து பெரியகருப்பன் என்ற சம்சாரி படியேறி வந்தார்.

"சார், நான் இங்கிலீசு பேச வரல. ஒரே ஒரு வார்த்தை மட்டும் வேணும்."

"என்ன வார்த்தை?"

பெரியகருப்பன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "எங்க கெணத்துல தண்ணி..." என்று சொல்லி இருமினார்.

"ஓ, தண்ணி வத்..." என்று ஸ்தனிஸ்லாஸ் ஆரம்பிப்பதற்குள் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

"சொல்லிப்புடாதீக சார்! காதுல விழுந்துச்சுன்னா இருக்குற அம்புட்டும் போயிரும். கெணத்துக்குக் காது உண்டு. ஆனா இங்கிலீசு தெரியாது."

கிணற்றை ஆழப்படுத்துவதா, பயிரை மாற்றுவதா என்று மனைவி ஒச்சாயியோடு அவர் பேசியாக வேண்டும். ஒரு வருடமாகப் பேச முடியவில்லை. பேச்சை எடுத்தால் அந்தச் சொல் வந்துவிடும். ஸ்தனிஸ்லாஸ் யோசித்து 'ரிஸீட்' என்ற சொல்லைக் கொடுத்தார். தண்ணீர் பின்வாங்கிப் பின்வாங்கிப் போவது. மறுவாரம் பெரியகருப்பன் ஒரு கூடை ஆயக்குடிக் கொய்யாவோடு வந்து நின்றார்.

"கெணத்து மேட்டுலயே உக்காந்து பேசினோம் சார், நானும் ஒச்சாயியும். ரிஸீட்டு ரிஸீட்டுன்னு ஒரு மணி நேரம். கெணறு ஒண்ணும் கண்டுக்கல."

செய்தி பரவிற்று. திண்டுக்கல்லில் ஆளுக்கு ஒரு விஷயம் தமிழில் சொல்ல முடியாமல் தொண்டையில் நின்றிருக்கிறது. தலைமுடி, கண் பார்வை, மாப்பிள்ளையின் மரியாதை, மகனின் படிப்பு. ஒவ்வொருவரும் இருமிக்கொண்டே படியேறி, ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். 'டிக்ளைன்', 'ஷ்ரிங்க்', 'தின்', 'டிமினிஷ்'. இங்கிலீஷ்காரன் இதற்கென்று ஒரு மளிகைக் கடையே வைத்திருக்கிறான். அவன் வீட்டுப் பானைக்குக் காது கிடையாது போலும்.*

* 'பீட்டர் அவுட்' என்றும் ஒன்று உண்டு. அதை மட்டும் ஸ்தனிஸ்லாஸ் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடைரோட்டில் இருக்கிற அவருடைய தம்பியின் பெயர் பீட்டர்.

[நீயும் இங்கிலீஷிலேயே எழுதித் தொலைக்கலாமே, ஏன் இருமுகிறாய் என்பீர்கள். இது 2004. இப்போது ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் இங்கிலீஷ் மீடியம் பள்ளி விளம்பரம் எழுதிவிட்டார்கள். சுவருக்கே இங்கிலீஷ் வந்துவிட்டது.]

3

இனி கீழ்த்தளம்.

பாரூக் பாய் கடையில் தினம் மூன்று தேக்சா பிரியாணி. தேக்சா என்றால் ஓர் ஆள் உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய பாத்திரம். மூன்று என்பது அவருடைய அத்தா வைத்த அளவு. "அளவுல கை வச்சா பரக்கத் போயிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். பரக்கத் என்றால் ஆண்டவன் தரும் நிறைவு. மழையா, மூன்று. பந்தா, மூன்று. ஒரு பந்த் நாளில் மறியல் செய்தவர்களும் மறியலைத் தடுக்க வந்தவர்களும் அந்தக் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தொட்டுக்கொள்ளத் தால்சா கேட்டார்கள். நம்பாதவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

1997-இல் கடைக்கு எதிரே இருந்த டவுன் பஸ் நிறுத்தத்தைத் தூக்கி அடுத்த தெருவில் வைத்தார்கள். கூட்டமும் அதோடு போயிற்று. மதிய வியாபாரம் [இருமல்]. வேறு ஊர்க்காரன் என்றால் மறுநாளே இரண்டு தேக்சா போட்டிருப்பான். பாரூக் பாய் போடவில்லை. இரண்டு போடுவது என்பது, வாயால் சொல்லாத சொல்லை அடுப்பால் சொல்வது.

மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாது. ஆகவே மாலையில் தெருவுக்குச் சும்மா கொடுத்தார். முதல் நாள் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர். பிறகு, மதியம் காசு கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யோசித்தார்கள். அதே பிரியாணி. அதே வெங்காயத் தயிர். இன்னும் கொஞ்சம் ஊறி, ருசி ஒரு படி மேலே. செத்த நேரம் பொறுத்தால் போதும். பொறுத்தார்கள். மதியக் கூட்டம் மேலும் [இருமல்], அதனால் மாலைக்கு மேலும் மிஞ்சிற்று, அதனால் வரிசை மேலும் நீண்டது. தாடிக்கொம்பிலிருந்து பஸ் பிடித்துத் தூக்குவாளியோடு வந்தார்கள். தெருப் பூனைகள் உடம்பு வைத்து நடக்க முடியாமல் ரிக்‌ஷாவில் போயின என்று எழுதினேன். அடித்துவிட்டேன். பூனைகளிடம் காசு ஏது.

வரிசையில் முதல் ஆள் எப்போதும் ஸ்தனிஸ்லாஸ். மாடியிலிருந்து இறங்கினால் போதுமே. அவருடைய வாளி பால் வாங்குகிற அளவு என்று முதல் வரைவில் இருக்கிறது. பால் கறக்கிற அளவு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

4

பாரூக் பாயின் மனைவி கமர்ஜஹான் முதல் வரைவில் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணீரைத் துடைத்தாள். எனக்கே சந்தேகமாக இருந்தது. தேக்சா மூடியை ஒற்றைக் கையால் தூக்குகிறவள் எதற்காகக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்? கதவை எடுத்துவிட்டேன். கண்ணீர் தானாகவே போய்விட்டது.

ஆனால் இன்னொரு சந்தேகம் வந்தது. அவ்வளவு திடமானவள் புருஷனிடம் தமிழிலேயே சொன்னால் என்ன?

சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் அடுப்படியிலிருந்து, "மாமி, உப்பு தீ..." என்று கூவிவிட்டாள். பங்காளிச் சொல். அதுவும் பாதிதான். அன்று மத்தியானம் ஆடு பிடிக்கப் போன மாமனாரைக் கிடாய் ஒன்று முட்டித் தள்ளியது. இடுப்பெலும்பு விலகிற்று. இருபது வருடமாக அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் பேச்சு அந்த உப்பில் போய்த்தான் நிற்கும். இப்போது அவள் வாயைத் திறந்து, நாளைக்குக் கடை படுத்துவிட்டால், பழி பஸ் நிறுத்தத்தின் மேல் விழாது. அவள் நாக்கின் மேல் விழும்.

கடை படுக்கிற நிலைமைதான். ஆட்டுக்கறி வாங்குவது அவள் பொறுப்பு. மூன்றாவது தேக்சாவின் கறி, ஆறேழு மாதமாக அவளுடைய தங்க வளவியில்தான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. போனவை "போயிட்டு வாரேன்" என்று சொல்லித்தான் போயிருக்கும், வரவில்லை. கையில் ஒரே ஒரு வளவி நின்றது. அதுவும் போனால் பெருநாளைக்கு அடுப்பு எரியாது. கையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டே வளைய வந்ததால் பாரூக் பாய் கவனிக்கவில்லை. அவர் தேக்சாவை எண்ணுகிற ஆள்.

கமர்ஜஹான் மாடியேறினாள்.

"சார், யாவாரம்..." இருமினாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லணும். அவருக்கு நறுக்குன்னு ஒறைக்கணும். தேக்சாவுக்கு விளங்கக் கூடாது. அப்படி ஒரு வார்த்தை தாங்க."

அப்படி ஒரு வார்த்தை ஸ்தனிஸ்லாஸின் நாக்கு நுனியில் இருந்தது. டுவிண்டில். நாளுக்கு நாள், கொஞ்சங்கொஞ்சமாய், திரும்பி வராமல், கடைசியில் ஒன்றுமே... எனக்கும் இருமல் வருகிறது. பாரூக் பாய்க்கென்றே செய்த சொல். அதை எடுக்க வாயைத் திறந்தார். கீழேயிருந்து மணம் ஏறி வந்தது. பாய்க்கு உறைத்தால் இரண்டு தேக்சா. இரண்டு என்றால் மாலைக்கு மிஞ்சாது. மிஞ்சாவிட்டால்... அவருடைய வயிறு அவரைவிட வேகமாகக் கணக்குப் போட்டது.

"வேன்," என்றார். "நிலா பௌர்ணமிக்கு அப்புறம் ஒரு மாதிரி ஆகுதுல்லக்கா, அதுக்குச் சொல்றது."

5

கமர்ஜஹான் அன்றே சொன்னாள். பாரூக் பாய் சிரித்தார்.

"நிலாவா? அப்ப வளரும்ல! பெருநாளையே நாம பிறை பாத்துத்தானே கொண்டாடுறோம். விடு கமரு."

அடுத்து 'ஃபேட்'. சின்னாளபட்டிச் சேலையில் சாயம் போவதைக் காட்டி ஸ்தனிஸ்லாஸ் விளக்கினார். பாரூக் பாய் வெளியே வந்து கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். "நீ சொல்றதும் சரிதான்" என்று பெயிண்டர் ஆனந்த்ராஜைக் கூப்பிட்டு, இரண்டு மடங்கு பெரிய பலகை எழுதி மாட்டினார். பச்சை எழுத்து, சிவப்பு நிழல்.

அடுத்து 'எப்'. கடல் உள்வாங்குவதைச் சொல்வது. பாரூக் பாய் இதற்குச் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"உள்ள போன கடல் சும்மாவா இருக்கும்? ஏறி வரும்ல! திடுதிப்புன்னு கூட்டம் வந்து நின்னா சோத்துக்கு எங்க போறது?"

மறுநாளிலிருந்து நான்கு தேக்சா.

[இந்த இடத்தில் பத்திரிகையிலிருந்து தொலைபேசி. "ஐயா, கதை நீளமாப் போகுதே, கொஞ்சம்..." என்று சொல்லி ஆசிரியர் இருமினார். நான் பாரூக் பாய் கட்சி. அளவில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.]

கவனித்தீர்களா? நிலா வளரும். பலகைக்குப் பெயிண்ட் அடிக்கலாம். கடல் திரும்ப வரும். ஸ்தனிஸ்லாஸ் பார்த்துப் பார்த்துத் திரும்பி வருகிற சொற்களையே பொறுக்கிக் கொடுத்தார். நானாவது எழுதும்போதுதான் கவனித்தேன். கமர்ஜஹான் நான்காம் தேக்சா ஏறிய அன்று மாலையே கவனித்துவிட்டாள். அன்று ஸ்தனிஸ்லாஸின் கையில் இரண்டு வாளி இருந்தன.

"ரெண்டாவது யாருக்கு சார்?"

"காலைல சூடு பண்ணிச் சாப்பிடலாம்னு..."

"நல்லாச் சாப்பிடுங்க," என்றாள். நான்காம் தேக்சாவின் கறிக்காகக் கடைசி வளவி அன்று காலைதான் போயிருந்தது.

6

மறுநாள் மாலை கரண்டியை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஒனக்கு எதுக்கு கமரு இந்த வேலை?"

"ஒங்க கை வலிக்கும்ல."

எல்லோர் வாளியிலும் வழக்கம்போல விழுந்தது. ஸ்தனிஸ்லாஸ் மாடிக்குப் போய் மூடியைத் திறந்தால், முட்டையைக் காணோம். திரும்ப இறங்கி வந்தார்.

"அக்கா, முட்டை?"

"நெறஞ்சிருச்சு சார்."

எதிர்த்துப் பேச அதில் இடமில்லை. அடுத்த நாள் கறி.

"கறி..?"

"பரக்கத்தா இருக்கு சார்."

பின்னால் நின்ற சடையாண்டி என்பவரின் வாளியில் இரண்டு முட்டையும் எட்டுத் துண்டு கறியும் போவதைக் கண்ணால் பார்த்தார். புகார் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் அதை இங்கிலீஷில் விற்றவருக்குத் தன் வாளிக்கு ஒன்றை எடுக்கப் பயம். எடுத்தால் பாய் அர்த்தம் கேட்பார். வாளியை மூடிக்கொண்டு படியேறினார். மூன்றாம் நாள் சோறு பாதி வாளி. பிறகு கால் வாளி. பிறகு அதுவும் கூச்சப்பட்டு மூலையில் ஒதுங்கிற்று. அந்த வாரக் கடைசியில் வாளியின் அடியில் ஒரே ஒரு பிரிஞ்சி இலை மல்லாந்து படுத்திருந்தது. தட்டினால் கோயில் மணிபோல ஓசை வந்தது.

கமர்ஜஹான் கரண்டியை நிறுத்தினாள்.

"வாத்தியார் சார், ஒங்க வாளிக்கு என்னா ஆச்சு? தேக்சாவுக்கு விளங்காம ஒரு வார்த்தைல சொல்லுங்களேன். நானும் கத்துக்கிறேன்."

ஸ்தனிஸ்லாஸ் வாளிக்குள் பார்த்தார். இலை அவரைப் பார்த்தது. ஒரு வாரப் பசி அவருடைய இலக்கணம் முழுவதையும் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"டுவிண்டில்!" என்று கத்தினார். "டுவிண்டில் ஆகுதுக்கா! இட் இஸ் டுவிண்டிலிங்!"

7

கல்லாவிலிருந்து பாரூக் பாய் எழுந்து வந்தார்.

"என்னா சார், புதுசா இருக்கு? இதுவும் திரும்பி வருமா?"

"வராது பாய்."

"வராதா? அப்ப அதுக்கு என்னாதான் அர்த்தம்?"

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். பாய்க்குப் பின்னால் நான்கு தேக்சாவும் மூடியைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன. இருமினார். பின்னால் சடையாண்டி இருமினார். அவருக்குப் பின்னால் தாடிக்கொம்பு ஆட்கள் இருமினார்கள். சந்து முனை வரைக்கும் போன இருமல் அங்கே ஒரு சைக்கிளில் முட்டித் திரும்பி வந்தது.

நான் முதலில் சொன்ன இருமல் இதுதான்.

"என்னா, தெருவுக்கே சளியா?" என்று பாரூக் பாய் வரிசையை ஒட்டி நடந்தார். அதுவரை அவர் அந்த முகங்களைப் பார்த்ததில்லை, வாளிகளைத்தான் பார்த்திருக்கிறார்.

"ஏப்பா சடையாண்டி, நீ மத்தியானம் ரெண்டு பிளேட்டு சாப்புடுற ஆளுல்ல?"

சடையாண்டி இருமினார்.

"நீங்க ஜன்னலோரம் உக்காந்து எலும்பு கேட்டு வாங்குறவருல்ல?"

அவரும் இருமினார். அடுத்தவர் கேட்பதற்கு முன்பே இருமிவிட்டார். பாரூக் பாய் வரிசையின் தலைமாட்டுக்குத் திரும்பி வந்தார். கரண்டியைப் பிடித்து நீட்டிய கை முக்காட்டுக்கு வெளியே, முழங்கை வரை நீண்டிருந்தது. மாலை வெயில் அதன்மேல் தடங்கலே இல்லாமல் விழுந்தது.

"கமரு, வளவி எங்க?"

"நெறஞ்சிருச்சு," என்றாள்.

யாரும் இருமவில்லை.

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு: ஆனந்த்ராஜ் பெரிய பலகையில் 'டுவிண்டில் பிரியாணி' என்று எழுதுகிறார். இங்கிலீஷ் பெயராக இருக்கிறதே என்று கார் வைத்திருப்பவர்கள் குவிகிறார்கள். இதில் எனக்கு ஆசை உண்டு. ஆனால் வரிசையில் நிற்கிற ஒருவரும் அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

இரண்டாம் முடிவு: பஸ் நிறுத்தம் திரும்பி வரு... அடித்துவிட்டேன். இது 'எப்' வகையறா.

மூன்றாம் முடிவு: ஸ்தனிஸ்லாஸ் மனம் திருந்தி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு... இதைக் கமர்ஜஹானிடம் படித்துக் காட்டினால் சிரிப்பாள். அவர் திருந்தவில்லை. அவருக்குப் பசித்தது, அவ்வளவுதான். பசித்தவன் உண்மையைச் சொன்னதற்கு மாலை போட வேண்டியதில்லை.

ஆகவே மறுநாள் காலை வரைக்கும் மட்டும் கொண்டுபோய் விடுகிறேன்.

விறகு அடுக்கியாகிவிட்டது. நான்கு தேக்சாவும் கழுவிக் கவிழ்த்திருக்கின்றன. பாரூக் பாய் தீப்பெட்டியோடு நிற்கிறார். அத்தா சொன்ன அளவு ஒரு காதில் கேட்கிறது. நேற்று இரவு முழுக்கத் தூக்கம் கெட்ட கண். மாடி ஜன்னலில் ஸ்தனிஸ்லாஸ் காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறார்.

"கமரு, எத்தனைய ஏத்த?"

கமர்ஜஹான் உப்பை மறக்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, வளவி இல்லாத மணிக்கட்டு தெரிய, சும்மா நிற்கிறாள்.

பாரூக் பாய் மாடியைப் பார்க்கிறார். ஸ்தனிஸ்லாஸ் ஜன்னலைச் சாத்துகிறார். பாய் என்னைப் பார்க்கிறார். எனக்குப் பக்கத்து அறையில் அரிசிப் பானை. பேனாவை மூடுகிறேன்.

கடைசியாக உங்களைப் பார்க்கிறார்.

நீங்கள் மாலை வரிசையில் வந்து நிற்பது போல, முடிவைச் சும்மா வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் இவ்வளவு நேரம் வாளியோடு நின்றீர்கள். தெரியும். இன்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள், தேக்சாவின் காதில் விழுந்துவிடும். நீங்கள் இருமினால் இரண்டு. இருமாவிட்டால் நான்கு.

தீக்குச்சி உரசியாகிவிட்டது. விரலைச் சுடுவதற்குள் சொல்லுங்கள்.

இப்போது கேட்டதே, அது செருமலா, இருமலா?